கச்சான் காலத்தில் ஊவா, மாசி பங்குனியில் நுவரெலியா: திருகோணமலையிலிருந்து மலைநாட்டுக்கு நடைப்பயணம் திட்டமிடுவது எப்படி

கச்சான் காற்று புழுதியைக் கிளப்பி அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில்தான் எங்கள் ஊர் ஆட்களுக்கு மலைநாட்டு ஆசை வரும். வாடகை வான் ஒன்றைப் பிடித்து நேரே ஹற்றனுக்கோ நல்லதண்ணிக்கோ போவார்கள். அங்கே மூன்று நாளும் அறைக்குள் இருந்து மழையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அதே மூன்று நாளும் ஹப்புத்தளைக்குக் கிழக்கே வெயில் எறித்திருக்கும். ஆகவே ஹோட்டல் தேடுவதற்கு முன்னம் முடிவு செய்யவேண்டியது ஒன்றுதான்: போகிற மாதத்தில் மழை மலையின் எந்தப் பக்கத்தில் விழுகிறது?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மலையின் மேற்குச் சரிவில் ஏறும். ஏறும்போது குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடும். கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன், மஸ்கெலியா எல்லாம் இந்தப் பக்கம். வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரையும் தாண்டி மழை பெய்கிறது. திருகோணமலைக்குக் கிடைப்பது சுமார் 1,600. கொட்டி முடித்த காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடேறிக் காய்ந்துவிடும். ஊவா மாகாணத்துப் பண்டாரவளை, எல்ல, பதுளைக்கு அது வரட்சிக் காலம். எங்களுக்கு வந்து அடிக்கும் கச்சானும் அதே காற்றுத்தான்.

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நிலைமை தலைகீழ். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்று தொடங்கினால் எங்களுக்கு மழை, ஊவாவுக்கும் மழை. இதை மனதில் வைத்துக்கொண்டால் வேறு கணக்கே தேவையில்லை: திருகோணமலை நனைகிற மாதத்தில் ஊவாவுக்குப் போகாதீர்கள், திருகோணமலை காய்கிற மாதத்தில் ஊவாவுக்குப் போங்கள். மார்கழி விடுமுறையில்தான் போகமுடியும் என்றால் ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் ஒப்பீட்டளவில் பரவாயில்லை. நுவரெலியாவும் ஹோர்ட்டன் சமவெளியும் நடுவில் இருப்பதால் இரண்டு பருவத்தின் மழையும் கொஞ்சம் கொஞ்சம் அங்கே விழும். பெப்ரவரியும் மார்ச்சும்தான் அங்கே நடக்கச் சிறந்த மாதங்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். அறை வாடகை ஏறும், வீதி நெரியும், பின்னேரம் இடியும் சேரும். நடக்கப் போகிறவர்களுக்கு அது உகந்த மாதமில்லை.

மாதத்தைப் போலவே நேரமும் முக்கியம். காலையில் தெளிந்திருக்கும் மலை, வெயில் ஏற ஏறப் பள்ளத்து ஈரத்தை மேலே இழுத்து முகிலால் மூடிக்கொள்ளும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் "பிற்பகல் 2 மணிக்குப் பின் இடியுடன் கூடிய மழை" என்று அடிக்கடி வருவது இதனால்தான். நடையை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் முடியுங்கள். தேயிலைத் தொழிற்சாலை, கோவில், பூங்கா, கடைத்தெரு எல்லாம் மத்தியானத்துக்குப் பிறகு. காலையில் ஆறுதலாகச் சாப்பிட்டு 9 மணிக்கு வெளிக்கிடும் பழக்கத்தைப் பயண நாட்களுக்கு விட்டுவிடவேண்டும்.

போகும் வழி

நுவரெலியாவுக்குக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று போவது வழமை. கண்டிவரை ஏறக்குறைய 180 கிலோமீற்றர், பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கம்பளை, புஸ்ஸல்லாவை, இறம்பொடை ஊடாக இன்னும் மூன்று. ஒரே நாளில் முடியும், ஆனால் பிள்ளைகளோடு போனால் வளைவில் சத்தி எடுப்பார்கள். முன் ஆசனத்தில் இருத்தி, வயிறு நிறையக் கொடுக்காமல் கூட்டிப் போங்கள்.

எல்ல, பண்டாரவளைப் பக்கம் போகிறவர்கள் கண்டியைச் சுற்றத் தேவையில்லை. மூதூர், வெருகல், வாகரை ஊடாக மட்டக்களப்பு வீதியில் இறங்கிச் செங்கலடியில் திரும்பினால், மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாக பதுளை. பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி முடிவது எங்கள் கிழக்குக் கரையில், செங்கலடியில்தான் என்பது பலருக்குத் தெரியாது. பிபிலைக்குப் பிறகுதான் ஏற்றம் தொடங்கும் என்பதால் சாரதிக்கும் களைப்புக் குறைவு.

புகையிரதத்தில் போக விரும்பினால் கண்டியிலோ பேராதனையிலோ ஏறுங்கள். நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்கவேண்டும். முன்பதிவு திறக்கும் அன்றே ஆசனங்கள் முடிந்துவிடுவதுண்டு. பெருமழைக்குப் பிறகு மண்சரிவால் பாதை பகுதி பகுதியாக மூடப்படும். வெளிக்கிடும் நாளுக்கு முதல்நாள் நிலையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

சொந்த வாகனக்காரருக்கு ஒரு விடயம். திருகோணமலையில் ஓடிப் பழகிய கால், இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இருக்கும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் ஒருபோதும் விடாதீர்கள். மூடுபனியில் தலைவிளக்கை உயர்த்திப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், தாழ்த்திப் போடுங்கள். புறப்படுமுன் பிரேக் பாட், டயர், வைப்பர் ரப்பர் மூன்றையும் பார்ப்பிக்கவேண்டும்.

எங்கே நடப்பது

ஓகஸ்டில் நாலு நாள் கிடைத்தால் முதல்நாள் பதுளை வழியாக ஹப்புத்தளை. இரண்டாம் நாள் லிப்டன் ஆசனம். தம்பத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தோட்டங்களுக்கூடாக சுமார் 7 கிலோமீற்றர் ஏற்றம். வயதானவர்கள் இருந்தால் ஓட்டோவில் மேலே போய், நடந்து இறங்குங்கள். பார்ப்பதற்குரியதெல்லாம் இறங்கும்போது கண்ணுக்கு நேரே இருக்கும். 9 மணிக்குப் பிறகு அங்கே பெரும்பாலும் மூடுபனிதான். மூன்றாம் நாள் எல்ல. விடியற்காலை சின்னச் சிவனொளிபாதம் என்கிற 1,141 மீற்றர் குன்று. அதற்கு ஒரு மணித்தியாலம் போதும். பிறகு தெமோதரையில் 1921இல் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலம். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கவேண்டாம். மலை வளைவில் புகையிரதச் சத்தம் பிந்தித்தான் கேட்கும்.

பெப்ரவரி, மார்ச்சில் ஹோர்ட்டன் சமவெளியை முன்னுக்கு வையுங்கள். உலக முடிவு, சின்ன உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி மூன்றையும் சுற்றி வரும் பாதை சுமார் 9 கிலோமீற்றர். மூன்று முதல் நாலு மணித்தியாலம். வாசல் 6 மணிக்குத் திறக்கும், நுவரெலியாவிலிருந்து 4.30க்கே வெளிக்கிடவேண்டும். முதலில் உலக முடிவுக்குப் போங்கள், நீர்வீழ்ச்சி திரும்பும்போது. மாறிப் போனால், 880 மீற்றர் ஆழமான பள்ளத்தின் விளிம்பில் நின்று பஞ்சுப்பொதியைத்தான் பார்ப்பீர்கள். பொலித்தீன் உள்ளே விடமாட்டார்கள், வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். சாப்பாட்டை லஞ்ச் சீற்றில் சுற்றாமல் பெட்டியில் அல்லது வாழையிலையில் கட்டுங்கள். மரைகள் கிட்ட வந்து நிற்கும், தீனி போடவேண்டாம். விடியப்புறம் அங்கே புல்லில் உறைபனி படியும் நாட்களும் உண்டு.

சிவனொளிபாத மலைக்கான பருவம் மார்கழிப் பூரணை முதல் வெசாக் பூரணை வரை. நல்லதண்ணியிலிருந்து சுமார் 5,500 படிகள். சூரிய உதயம் பார்க்க 2 மணிக்கு ஏறத் தொடங்கவேண்டும். போயா நாளையும் சனி ஞாயிறையும் தவிருங்கள், படியிலேயே வரிசையில் நிற்க நேரிடும். 2,243 மீற்றர் உச்சியில் ஆட்களை வாட்டுவது வியர்வை. நனைந்த சேர்ட்டோடு காற்றில் ஒரு மணித்தியாலம் நின்றால் நடுக்கம் பிடிக்கும். காய்ந்த சேர்ட் ஒன்றைக் கொண்டுபோய், மேலே சேர்ந்தவுடன் மாற்றுங்கள். பருவம் முடிந்த பிறகு விளக்கும் கடையும் இல்லை. அப்போது குடும்பத்தோடு ஏறவேண்டாம்.

இரண்டு நாள்தான் லீவு என்றால் மாத்தளை, இறத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன். எங்களுக்கு ஆகக் கிட்டிய மலைநாட்டுப் பகுதி அதுதான். நக்கிள்ஸ் தொடருக்கு இரண்டு பருவ மழையும் கிடைப்பதால் அட்டையும் காற்றும் எப்போதும் உண்டு. இடி முழங்கத் தொடங்கினால் முகட்டில் நிற்காமல் உடனே கீழே இறங்குங்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு பார்க்க நுவரெலியாவில் குறைவில்லை. பதுளை வீதியில் சீதாஎலிய சீதையம்மன் கோவிலையும், 1861இல் தொடங்கிய ஹக்கல தாவரவியல் பூங்காவையும் ஒரே பின்னேரத்தில் முடிக்கலாம்.

உடுப்பும் சாமானும்

1,000 மீற்றர் ஏறினால் வெப்பம் 6 முதல் 7 பாகை குறையும். நுவரெலியா 1,868 மீற்றர். திருகோணமலையில் 32 பாகை என்றால் அங்கே பகலில் 20, இரவில் அதிலும் பாதி. ஜீன்ஸும் தடித்த பருத்தியும் ஒருமுறை நனைந்தால் அந்தப் பயணம் முடியும்வரை காயாது, ஈரத்தில் பாரமும் ஏறும். மெல்லிய பொலியெஸ்டர் காற்சட்டை, அதே வகை பெனியன் இரண்டு, மேலே ஒரு சுவெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு போதும். குடை ஊருக்குள் உதவும். மலைமுகட்டுக் காற்று அதைப் புரட்டிவிடும்.

சப்பாத்தின் அடியில் ஆழமான வெட்டு இருக்கவேண்டும். புதிதாக வாங்கினால் இரண்டு கிழமைக்கு முன்பே போட்டு நடவுங்கள். எங்கள் ஊரிலேயே ஏற்றம் இருக்கிறது: உவர்மலை, அல்லது கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரை. அதைக் காலையில் மூன்று தரம் ஏறி இறங்கினால் சப்பாத்தும் பழகும், முழங்காலும் பழகும். இரவில் ஈரச் சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றினால் காலையில் போடக்கூடியதாக இருக்கும்.

ஒருவருக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், பேரீச்சம்பழம், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவை) இரண்டு பைக்கற், டோர்ச், பவர் பாங்க். குளிரில் கைபேசிப் பற்றரி கெதியாக இறங்கும். வரைபடத்தை அறையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பு உள்ளவர்களுக்குக் குளிர்ந்த பனிக்காற்று மூச்சை இறுக்கும். இன்ஹேலர் பையில் அல்ல, சட்டைப் பொக்கற்றில் இருக்கட்டும்.

அட்டைக்குப் பயந்து நடையைக் கைவிடத் தேவையில்லை. காற்சட்டை நுனியை மேஸுக்குள் செருகி, மேஸின் வெளிப்பக்கம் காய்ந்த சவர்க்காரத்தைத் தடித்துப் பூசுங்கள். சித்தாலேபத் தைலமும் வேலை செய்யும். மழை கழுவிவிடுவதால் ஒவ்வொரு மணித்தியாலமும் மறுபடி பூசவேண்டும். வெள்ளை மேஸ் என்றால் ஏறுவது உடனே தெரியும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். ஒடுங்கிய நுனிப்பக்கம் நகத்தைப் படுக்கையாகச் செலுத்தித் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால்தான் சின்னக் காயம் நெடுநேரம் கசிகிறது. சுத்தத் துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவர்கள் ஈரக்காட்டுப் பாதையைத் தவிர்ப்பது நல்லது.

ஆற்றிலும் மலைச்சரிவிலும்

கடலில் நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் மலை ஆற்றில் கூடுதல் கவனம் வேண்டும். நன்னீர் உப்புநீரைப் போல உடம்பை மிதக்க வைக்காது. பாறையில் பாசி, வீழ்ச்சியின் அடியில் சுழி, தண்ணீரோ ஐஸ். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்க, மேலே பெய்த மழை இறங்கி வரும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், சாமானை எடுக்கவும் நிற்காமல் கரையேறுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலே விழிப்பாக இருக்கவேண்டும். 150 என்றால் சரிவில் இருக்கக்கூடாது. செம்மஞ்சள் வந்த பகுதிக்குப் பயணத்தை ஒத்திவையுங்கள். கட்டிய முற்பணம் போனால் போகட்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தபோது ஊவா நனைந்து ஊறிப்போயிருந்தது. அறை எடுக்கும்போது, பின்னால் நேராக மண் வெட்டிய சரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கிவரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவை அங்கே கழிக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990.

தோட்டங்களுக்கூடாக நடக்கும்போது ஒரு மரியாதை தேவை. அங்கே "மலைக்குப் போறாங்க" என்றால் வேலைக்குப் போகிறார்கள் என்று பொருள். கொழுந்து பறிக்கிறவர் அன்றைய சம்பளத்துக்குரிய நிறையைப் பறித்து முடிக்கும் அவசரத்தில் நிற்கிறார். கேட்காமல் படம் எடுப்பதும், லயத்து வாசலை எட்டிப் பார்ப்பதும் கூடாது. வழியைத் தமிழிலேயே கேட்கலாம், அன்றைக்கு எந்தப் பாதை வழுக்கும், எந்த மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள். குளவி இருக்கிற இடத்தில் வாசனைத் தைலம் பூசாமல், சத்தம் போடாமல் கடந்து போங்கள்.

திரும்பும் நாளில் கண்டியைக் காலை 10 மணிக்குள் விட்டுவிடுங்கள். பின்னேரம் பிந்தினால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டு யானைகள் வீதிக்கு வரும் நேரத்தில் அகப்படுவீர்கள். யானை நின்றால் நல்ல தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், விளக்கை விட்டு விட்டு எரிக்காமல், அது கடக்கும்வரை பொறுத்திருங்கள்.