லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் தாளைப் படிப்பது எப்படி? லிஃப்ட் மெக்கானிக் ஆவது எப்படி?

மலேசியாவில், பேராக்கின் தெலுக் இந்தான் வட்டாரத்தில் செம்பனை ஆலையோடு ஏதாவது ஒரு வகையில் ஒட்டுறவு இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஆலையில் பாய்லரை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிட முடியாது. அதற்கு முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு என்று சான்றிதழ் உண்டு, பரீட்சை உண்டு. "ஜேகேகேபி வராங்க" என்று சொன்னால் ஆலை முழுக்கப் பரபரப்பாகிவிடும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம்.

ஆஸ்பத்திரியிலும் ஹோட்டலிலும் அடுக்குமாடியிலும் நாம் ஏறி இறங்கும் லிஃப்டையும் கவனிப்பது அதே துறைதான். இது பலருக்குத் தெரிவதில்லை. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வாழ்ந்து பழகிய பெரியவர்கள் இப்போது பிள்ளைகளோடு ஏழாம் மாடி, பத்தாம் மாடி என்று இருக்கிறார்கள். லிஃப்ட் கெட்டால் அவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போகிறார்கள். லிஃப்ட் சரியில்லை என்றால் யாரிடம், எதைக் காட்டிக் கேட்பது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும், நமக்கும் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த விளக்கம். கடைசிப் பகுதி, இந்த வேலைக்கே போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு.

முதலில் சட்டம், சுருக்கமாக

பல ஆண்டுகளாக லிஃப்டுகள் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின் கீழ் இருந்தன. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2024 ஜூன் 1 முதல் எல்லாம் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. 1991இல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மூன்று ஆண்டுக்குப் பிறகு வந்த சட்டம் இது. அதே 2024 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாப்புக் கடமையில் தவறும் முதலாளிக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக ஏறியிருக்கிறது.

தகுதிச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று சட்டம் சொல்லும் சாதனங்களில் நீராவி பாய்லர் ஒன்று. பழக்குலையை வேக வைக்கும் ஸ்டெரிலைசர் போன்ற அழுத்தக் கலன்கள் இன்னொன்று. கிரேன், ஹாய்ஸ்ட், எஸ்கலேட்டர், லிஃப்ட் எல்லாம் தூக்கும் இயந்திரம் என்ற வகையில் வரும். அமெரிக்காவில் லிஃப்ட் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நமக்கு நாடு முழுக்க ஒரே கூட்டரசுச் சட்டம், ஒரே துறை. அதனால் இங்கே படிப்பது கிள்ளானில் இருக்கும் அத்தை வீட்டு லிஃப்டுக்கும் பொருந்தும்.

படி 1: தாளைத் தேடுங்கள்

லிஃப்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். சான்றிதழின் நகல் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கலாம், சின்ன ஸ்டிக்கராகவும் இருக்கலாம். இல்லாவிட்டால் நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். மலாயில் 'பெராக்குவான் கெலாயாக்கான்' என்று தலைப்பு இருக்கும். அதில் இரண்டு விஷயத்தைப் பார்த்தால் போதும்.

ஒன்று, பிஎம்ஏ என்ற எழுத்துகளோடு வரும் பதிவு எண். மாநிலத்தைக் குறிக்கும் எழுத்துகளும் அதோடு சேர்ந்திருப்பது உண்டு. ஒவ்வொரு லிஃப்டுக்கும் தனி எண். கட்டடத்தில் மூன்று லிஃப்ட் இருந்தால் மூன்று எண் இருக்க வேண்டும். ஒரே தாளை நகலெடுத்து மூன்றிலும் ஒட்டியிருந்தால் அது ஏமாற்று.

இரண்டு, காலாவதித் தேதி. முந்தைய விதிகளில் 15 மாதத்துக்குள் ஒரு பரிசோதனை என்பது கணக்காக இருந்தது. இப்போதைய சான்றிதழில் என்ன தேதி அச்சாகியிருக்கிறதோ அதுவே கணக்கு. அந்தத் தேதி தாண்டியிருந்தால், "புதுப்பிக்கக் கொடுத்திருக்கோம்" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். எப்போது கொடுத்தீர்கள், பரிசோதனை என்றைக்கு என்று கேளுங்கள். புதிய ஏற்பாட்டில் துறை அதிகாரி மட்டுமல்லாமல், துறையிடம் உரிமம் பெற்ற பரிசோதகரும் வந்து பார்க்க இடம் இருக்கிறது. ஆகவே ஆள் கிடைக்கவில்லை என்ற காரணம் முன்பு போல் எடுபடாது.

படி 2: எடைப் பலகை

கிலோவும் ஆள் எண்ணிக்கையும் எழுதிய பலகை பெட்டிக்குள் இருக்கும். 885 கிலோ, 13 பேர் என்று போட்டிருந்தால் ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. 1,000 கிலோ, 13 பேர் என்றால் ஆளுக்கு சுமார் 75 கிலோ. கல்யாண வீட்டுக்குச் சாமான் ஏற்றும்போது ஆளை எண்ணாதீர்கள், கிலோவைப் பாருங்கள். அளவு மீறினால் மணி அடித்து, கதவு மூடாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்கிற லிஃப்ட் நல்ல லிஃப்ட். யாராவது ஒருவர் இறங்குங்கள், அவ்வளவுதான்.

படி 3: கண்ணாலும் காலாலும் பாருங்கள்

லிஃப்ட் என்றால் கயிறு அறுந்து விழுவதைத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு உள்ளே நிறையப் பதில் இருக்கிறது. இழுவை லிஃப்டில் ஒரே கயிறு தொங்குவதில்லை, பல எஃகுக் கயிறுகள் சேர்ந்து சுமக்கின்றன. பிரேக்கை ஸ்பிரிங் பிடித்துக்கொண்டே இருக்கும், மின்சாரம் வந்தால்தான் அது விடும். அதனால் கரண்டு போனால் பெட்டி நிற்குமே தவிர விழாது. பெட்டி அளவுக்கு மீறி வேகமெடுத்தால், கவர்னர் என்ற கருவி அதைக் கண்டுகொண்டு பெட்டிக்கு அடியில் இருக்கும் கவ்விகளை இழுத்துவிடும். அவை இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கடித்துப் பிடித்துக்கொள்ளும். இயல்பான வேகத்தைவிடக் குறைந்தது 15 விழுக்காடு கூடிய பிறகுதான் இது வேலை செய்யும்படி அமைப்பார்கள். நியூயார்க்கில் 1854இல் எலிஷா ஓட்டிஸ் தான் நின்றிருந்த மேடையின் கயிற்றை எல்லார் முன்னாலும் வெட்டச் சொல்லிக் காட்டியதும் இப்படி ஒரு கவ்வியைத்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் கதவு. ஒவ்வொரு மாடியிலும் ஒரு வெளிக்கதவு, பெட்டியோடு ஓர் உள்கதவு. பெட்டி அந்த மாடியில் இல்லாதபோது வெளிக்கதவு திறக்கவே கூடாது. அதற்குப் பூட்டு உண்டு, அந்தப் பூட்டு விழுந்ததை உறுதிசெய்யும் மின்தொடர்பும் உண்டு. பூட்டு விழாமல் லிஃப்ட் நகரக் கூடாது. சில இடங்களில் கதவு அடிக்கடி மக்கர் செய்கிறது என்று அந்த மின்தொடர்பை ஒரு துண்டு வயர் போட்டு இணைத்துவிடுவார்கள். லிஃப்ட் ஓடும். கதவு திறந்தபடியும் ஓடும். அந்த ஒரு துண்டு வயரால் உயிர் போகும்.

ஆகவே இதைச் செய்து பாருங்கள். லிஃப்ட் வேறு மாடியில் இருக்கும்போது வெளிக்கதவின் நடுக்கோட்டைப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருக்கிறதா, கதவு தளர்ந்து ஆடுகிறதா என்று பார்த்தால் போதும். தள்ளவும் வேண்டாம், சாயவும் வேண்டாம். பெட்டி வந்து நின்றதும் அதன் தரையும் மாடித் தரையும் சமமா என்று பாருங்கள். இன்றைய ஐரோப்பியத் தர விதி கேட்பது 10 மில்லிமீட்டருக்குள். உங்கள் காலணியின் முனை இடறும் அளவு மேடு பள்ளம் இருந்தால், ஊன்றுகோலோடு வரும் தாத்தா அங்கே விழுவார். அப்புறம் கதவு மூடும்போது ஒரு குடையை நீட்டுங்கள், அது படாமலே அல்லது பட்டவுடனே கதவு திரும்பித் திறக்க வேண்டும். அழைப்பு மணியை அழுத்திப் பாருங்கள். மறுமுனையில் யாராவது பதில் சொல்கிறார்களா?

பார்த்ததைத் தேதி, நேரம், லிஃப்ட் எண்ணோடு எழுதி வையுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பழுது பார்க்க வருபவர் யார்?

இங்கேதான் நிறைய நிர்வாகங்கள் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கின்றன. லிஃப்ட் பராமரிப்பை ஜேகேகேபியிடம் பதிந்த நிறுவனம்தான் செய்ய வேண்டும். அந்த நிறுவனத்தில் துறை அங்கீகரித்த தகுதியாளர் இருக்க வேண்டும். மலாயில் 'ஓராங் கொம்பித்தென்' என்பார்கள். கீழே வேலை செய்யும் மெக்கானிக்குகள் அவருடைய பொறுப்பில்தான் செய்வார்கள். தாமானில் வயரிங் செய்யும் அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எரிசக்தி ஆணையம் கொடுத்த வயர்மேன் சான்றிதழ் லிஃப்டைத் தொட அனுமதி ஆகாது. மின் நிறுவல்களைக் கவனிக்கும் சார்ஜ்மேனுக்கும் அப்படித்தான்.

வருபவரிடம் மரியாதையாகவே கேட்கலாம்: "தம்பி, எந்தக் கம்பெனி? உங்க காட் கொஞ்சம் காட்டுறீங்களா?" முறையாக வந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். அவர் வேலை செய்யும் விதத்தையும் பாருங்கள். லிஃப்ட் நிற்கும் மாடியில் தடுப்பு வைத்திருக்கிறாரா? மெஷின் அறையில் மெயின் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டிருக்கிறாரா? வேலை முடிந்ததும் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாரா? மாதம் ஒரு சர்வீஸ் என்பது வழக்கம். புத்தகத்தில் ஆறு மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே வாசகம் இருந்தால் சர்வீஸ் உண்மையிலேயே நடந்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

படி 5: எங்கே போய்ச் சொல்வது

முதலில் ஜேஎம்பி என்ற கட்டடக் கூட்டு நிர்வாக அமைப்புக்கு அல்லது நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் புலம்பியது கணக்கில் வராது. கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் இல்லை என்பார்கள். அடுக்குமாடி போன்ற கட்டடங்களுக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகையைத் தனியாக ஒரு சேமநிதிக்கும் வசூலிக்க வேண்டும். லிஃப்ட் கயிறு மாற்றுவது போன்ற பெரிய செலவுக்குத்தான் அது இருக்கிறது. கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். (நாமும் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். பாதி வீடுகள் கட்டாத கட்டடத்தில் எந்தக் குழுவாலும் லிஃப்டைக் காப்பாற்ற முடியாது.)

குழு அசையவில்லை என்றால் நகராண்மைக் கழகத்தில் இருக்கும் கட்டட ஆணையரிடம் போகலாம். சான்றிதழ் காலாவதி, திறந்த கதவோடு ஓடும் லிஃப்ட் என்று பாதுகாப்புப் பிரச்சினையாக இருந்தால் காத்திருக்க வேண்டாம், நேராக ஜேகேகேபிக்குச் சொல்லுங்கள். பேராக் மாநில அலுவலகம் ஈப்போவில் இருக்கிறது.

உள்ளே மாட்டிக்கொண்டால்

அழைப்பு மணியை அழுத்துங்கள், இருக்கிற இடத்திலேயே இருங்கள். காற்று வர இடைவெளி இருக்கும், மூச்சு முட்டாது. பதில் இல்லை என்றால் 999. கதவை நெம்பித் திறந்து குதிக்கப் பார்க்காதீர்கள். பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருந்தால், கீழ்ப்பக்கம் திறந்த குழிக்குள் தவறி விழ வாய்ப்பு இருக்கிறது. வெளியே நிற்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வெளிக்கதவைத் திறக்க முக்கோணச் சாவி ஒன்று உண்டு. அது காவலாளியின் மேசையில் ஆணியில் தொங்கக் கூடாது, பயிற்சி பெற்றவர் கையில்தான் இருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் பெட்டி அங்கே இருக்கிறது என்று நினைத்து இருட்டுக்குள் கால் வைத்து இறந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இந்த வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு

நல்ல வேலை. கட்டடம் இருக்கிறவரை வேலை இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு வரும், உயரம் பழக வேண்டும், கவனம் ஒரு நிமிடமும் சிதறக் கூடாது. இதற்கெல்லாம் தயார் என்றால் பெண்பிள்ளைகளும் தாராளமாக வரலாம்.

தொடக்கம் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் இது வருகிறது. நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், 4 டிப்ளோமா, 5 உயர்நிலை டிப்ளோமா. மின்சாரம், இயந்திரம், மெக்கட்ரோனிக்ஸ் போன்ற துறைகளில் எடுத்தால் லிஃப்ட் வேலைக்கு அடித்தளம் கிடைக்கும். மூன்று வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் முழுநேரம் படிக்கலாம். நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே பழகும் எஸ்எல்டிஎன் என்ற இரட்டைப் பயிற்சியில் சேரலாம், அதில் 70 முதல் 80 விழுக்காடு நேரம் வேலையிடத்திலேயே போகும். ஆலையில் பல ஆண்டு மின்வேலை செய்தும் கையில் தாள் இல்லாத அண்ணன்மாருக்கு, செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டிச் சான்றிதழ் பெறும் பிபிடி வழி இருக்கிறது. இதை நம் ஆட்கள் பயன்படுத்திக்கொள்வதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

அடுத்து, பதிந்த லிஃப்ட் நிறுவனத்தில் உதவியாளாகச் சேர வேண்டும். கட்டுமான இடத்துக்குள் போக, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் கொடுக்கும் சிஐடிபி அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே பெர்கேசோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா, பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், பிடிக்காத இடத்தில் நிற்காதீர்கள். என்றைக்கு, எந்த லிஃப்டில், என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். பின்னால் தகுதியாளராக விண்ணப்பிக்கும்போது ஜேகேகேபி படிப்பையும் பார்க்கும், களத்தில் செய்த அனுபவத்தையும் பார்க்கும். அப்போது அந்த நோட்டு பேசும்.

"எங்க கோர்ஸ் படிச்சா உடனே லிஃப்ட் லைசென்ஸ்" என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள், அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. எந்த மையத்திலும் பணம் கட்டுவதற்கு முன், அது திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தகுதியாளருக்கான இப்போதைய நிபந்தனைகளை ஜேகேகேபியின் இணையப் பக்கத்திலேயே படித்துவிட்டு, அப்புறம் விண்ணப்பப் பாரத்தை எடுங்கள்.