மென்மையான இயற்கை ஒளியில் இணையரைப் படமெடுப்பது: தொடக்கநிலையினருக்கான செய்முறை

உச்சி வெயிலில் எடுத்த முகங்களில் கண்குழிகள் கருத்துப்போவதும், மேகம் மூடிய வேளையில் அதே முகங்கள் சீராகத் தெரிவதும் கேமராவின் விலையைப் பொறுத்தவை அல்ல. ஒளி வரும் பரப்பின் அளவைப் பொறுத்தவை. வானத்தில் சூரியன் ஏறத்தாழ அரை பாகை அகலமே உள்ள சிறிய ஒளிமூலம் என்பதால், அதன் வெயிலில் விழும் நிழலின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. மேகம் குறுக்கே வந்ததும் அந்த ஒளி சிதறி, வானம் முழுவதுமே ஒளிமூலமாகி, நிழலின் விளிம்பு கரைந்துவிடுகிறது. இருவரைச் சேர்த்து எடுக்கும்போது இதன் பயன் இன்னும் அதிகம். கடும் வெயிலில் ஒருவரது தலையின் நிழல் மற்றவர் கன்னத்தில் விழுந்து படத்தைக் கெடுக்கும், மென்னொளியில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஆயினும் மென்னொளிக்கும் திசை உண்டு. அதைக் கண்டுகொள்ளாமல் எடுத்தால் முகங்கள் தட்டையாகவே வரும்.

படி 1: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

மேகமூட்டமான பகல், சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்பும் மறைந்த சற்று நேரத்துக்குப் பின்பும் உள்ள பொழுது, கட்டடங்களின் நிழல் ஆகிய மூன்றும் உங்களுக்கு ஏற்றவை. மாலை வெயிலைப் பலரும் மென்னொளி என்றே எண்ணுகிறார்கள். அடிவானத்தை ஒட்டிய சூரியனின் ஒளி வலுக்குறைந்து சிவந்திருக்குமே தவிர, அதன் நிழல் இன்னும் கூர்மையாகத்தான் விழும். ஆகவே அந்த நேரத்தில் சூரியனை இணையரின் முதுகுப்புறம் வைத்து, எதிர்ப்புற வானத்தின் ஒளி முகங்களில் படும்படி எடுங்கள்.

படி 2: இடத்தை உள்ளங்கையால் சோதியுங்கள்

அழகான பின்னணியைத் தேடிப் போய், பிறகு ஒளியோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. முதலில் ஒளியைத் தேடுங்கள், பின்னணி எளிமையாக இருந்தாலே போதும். உங்கள் கையை முகத்தின் உயரத்தில் நீட்டி, உள்ளங்கை உங்களைப் பார்த்திருக்கும்படி வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் கைரேகைகளும் விரல் மடிப்புகளும் ஆழமாகத் தெரியும். மற்றொரு திசையில் அவை மங்கி, தோல் வழவழப்பாகத் தெரியும். இரண்டாவது நிலையில் உங்கள் முதுகுப்புறத்திலிருந்துதான் ஒளி வருகிறது. அதே திசையில் நீங்கள் கேமராவுடன் நின்று, இணையரை உங்களை நோக்கி நிறுத்த வேண்டும்.

கட்டடத்தின் நிழலில் எடுப்பதானால், நிழல் முடியும் கோட்டிலிருந்து ஓரிரு மீட்டர் உள்ளே அவர்களை நிறுத்தி, திறந்த வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட உள்ளே போனால் கண்களில் தெரியும் ஒளிப்புள்ளி மறைந்து பார்வை களையிழக்கும். தலைக்கு மேல் கூரையோ தாழ்வாரமோ இருப்பது நல்லது. மேலிருந்து வரும் ஒளியை அது தடுத்துவிடுவதால் முன்புற ஒளி மட்டுமே முகத்தை எட்டும். மரநிழலில் மட்டும் எச்சரிக்கை தேவை: இலைகளினூடே விழும் வெயில் திட்டுகளைப் பின்னர் கணினியில் நீக்குவது பெரும்பாடு.

படி 3: கேமராவை அமையுங்கள்

ரா வடிவில், அதாவது கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் மூலக்கோப்பாக எடுங்கள். ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக இருந்தால் அவர்கள் நடந்தாலும் சிரித்தாலும் படம் கலங்காது. ஒளி குறைந்தால் ஷட்டரைத் தொடாமல் ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை உயர்த்துங்கள். அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு விஷயத்தில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். அதைக் குறிக்கும் எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார் கொண்டது) 85 மி.மீ. லென்ஸைப் பொருத்தி 2.5 மீட்டர் தொலைவில் நின்று எஃப்/1.8 வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 9 செ.மீ. மட்டுமே, ஒருவர் சற்றுப் பின்னால் சாய்ந்தாலும் அவர் முகம் மங்கிவிடும். எஃப்/4 வைத்தால் அது ஏறத்தாழ 20 செ.மீ. ஆகிவிடுகிறது. பின்னணி மங்கலாக வேண்டுமென்றால் அப்பர்ச்சரைத் திறப்பதற்குப் பதிலாக, இணையரைப் பின்னணியிலிருந்து பல அடி முன்னால் கொண்டுவாருங்கள்.

படி 4: இருவரையும் நிறுத்துங்கள்

கேமராவிலிருந்து இருவரது முகங்களும் ஒரே தொலைவில் இருக்க வேண்டும். நெற்றிகளை ஒட்டவைத்தால் அது தானாகவே அமையும். இருவரில் ஒருவரது தோல் நிறம் கருமையாக இருந்தால், அவரை ஒளி வரும் பக்கத்துக்கு நெருக்கமாக நிறுத்துங்கள். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, வெளிர்நிறமான முகம் வெளுத்துவிடாத அளவுக்கு வையுங்கள்.

மேகமூட்டத்தில் ஒளி பெரும்பாலும் மேலிருந்தே வருவதால் கண்குழிகளில் இலேசான நிழல் தங்கும். முகங்களைச் சற்று உயர்த்தச் சொல்லி, நீங்கள் கொஞ்சம் மேலேயிருந்து எடுத்தால் அது குறையும். ஒளியைத் திருப்பிவிடும் வெள்ளைப் பலகையான ரிஃப்ளெக்டரை இடுப்பு உயரத்தில் பிடித்தாலும் போதும். வெள்ளி நிறத்தது இந்த ஒளிக்குச் சற்று மிகை என்பது என் கருத்து.

படி 5: எடுங்கள்

கேமராவுக்கு நெருக்கமான கண்ணில் குவியுங்கள். வெளிறிய வானத்தைச் சட்டத்துக்குள் விடாதீர்கள். விட்டால் கேமரா அதைக் கணக்கில் கொண்டு முகங்களை இருட்டாக்கும். அப்படி நேர்ந்தால் கேமராவின் எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் அமைப்பை +2/3 அளவு கூட்டிப் பாருங்கள். அசையாமல் நிற்கச் சொல்வதைவிட, மெதுவாக நடந்து வரச் சொல்லித் தொடர்ச்சியாக எடுப்பது இயல்பான முகபாவங்களைத் தரும். மென்னொளி பரப்பெங்கும் ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதால், நான்கு அடி நகர்ந்தாலும் அமைப்பை மாற்ற வேண்டியதில்லை.

படி 6: நிறத்தைச் சரிசெய்யுங்கள்

ஒளியின் நிறத்தை நிறவெப்பம் என்ற அளவால் குறிப்பார்கள், அது கூடக்கூட ஒளி நீலமாகும். நேரடிப் பகல் வெயிலின் நிறவெப்பம் ஏறத்தாழ 5500 கெல்வின். மேகமூட்டத்தில் அது 6500 அளவிலும், நிழலில் 7000-க்கு மேலும் இருப்பதால் படங்கள் நீலம் பாய்ந்து வரும். இதைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பைத் தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது சற்று மாறக்கூடும். மேகம் அல்லது நிழல் என்ற அமைப்பில் நிலையாக வையுங்கள். இடம் மாறும்போதெல்லாம் நிறத்தைச் சரிபார்க்க உதவும் நடுநிலைச் சாம்பல் அட்டையை இருவரில் ஒருவர் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், திருத்தும்போது அந்த ஒன்றைச் சரிசெய்து மற்றவற்றுக்கும் பொருத்திவிடலாம். புல்வெளியில் எடுத்த படங்களில் தாடைக்குக் கீழே பச்சை படர்ந்திருக்கும். படம் முழுவதையும் மாற்றாமல், அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்து பச்சைக்கு எதிர்நிறமான மெஜந்தாவை இலேசாகக் கூட்டுங்கள்.