பத்துக்குப் பன்னிரண்டு ரூம்ல ஸ்டீரியோ செட் பண்றது எப்படி

ஆம்ப்ளிஃபயர் வந்தாச்சு, ஸ்பீக்கர் வந்தாச்சு, டப்பாவ பிரிச்சு டிவி ஸ்டாண்ட் மேல ரெண்டு பக்கமும் வச்சு பாட்ட போட்டா "என்னடா இது, கடைல கேட்ட மாதிரி இல்லையே"ன்னு தோணும் பாருங்க, அது எல்லாருக்கும் தோணுறதுதான். உடனே கேபிள் மாத்தலாமா, இன்னும் பெரிய ஆம்ப் எடுக்கலாமான்னு மனசு அலைய ஆரம்பிச்சிடும். நானும் அப்படித்தான் அலைஞ்சேன், காசு போனதுதான் மிச்சம். கோளாறு ரூம்லயும் ஸ்பீக்கர் வச்ச இடத்துலயும்தான் இருந்துச்சு, அதனால புதுசா எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி இன்ச் டேப்ப எடுங்க.

நான் சொல்றது நம்ம ஊர் ஃப்ளாட்ல சாதாரணமா இருக்க 10க்கு 12 பெட்ரூம். டைல்ஸ் தரை, நாலு பக்கமும் சிமெண்ட் சுவர். ரூம் நடுவுல நின்னு ஒரு தடவ பளிச்சுன்னு கை தட்டுங்க, பின்னாடியே "ட்ரிங்"னு ஒரு வால் வரும். நீங்க போடுற ஒவ்வொரு பாட்டு மேலயும் அந்த வால் ஒட்டிக்கிட்டுதான் காதுக்கு வருது.

ஸ்பீக்கர 10 அடி சுவர் பக்கம் வைங்க, சத்தம் 12 அடி நீளத்துல ஓடட்டும். பின்னாடி சுவர்ல இருந்து ஸ்பீக்கரோட முன்முகம் ரெண்டேகால் அடி தள்ளி, பக்கச் சுவர்ல இருந்து 2 அடி தள்ளி, ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல 6 அடி. உங்க சேர் ஸ்பீக்கர் இருக்க சுவர்ல இருந்து ஏழரை அடில வரணும், அப்ப ஒவ்வொரு ஸ்பீக்கரும் உங்க தலைக்கு கிட்டத்தட்ட 6 அடிதான், மூணு பக்கமும் சமமா ஒரு முக்கோணம் வந்துடும். ஸ்பீக்கர லேசா உங்க பக்கம் திருப்பி வைங்க. இந்த கணக்கு ஒரு ஆரம்பம்தான், அங்க இருந்து ரெண்டு மூணு இன்ச் முன்ன பின்ன நகர்த்தி கேட்டுக்கிட்டே வாங்க. ஒரே ஆள் பேசுற ரெக்கார்டிங் எதையாவது போடுங்க, குரல் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, வெறும் காத்துல ஆள் நின்னு பேசுற மாதிரி வந்தா பாதி வேலை முடிஞ்சுது.

ஏன் ஏழரை அடி, ரூமுக்கு நடுவுல உக்காந்தா என்னன்னு கேப்பீங்க. 12 அடி நீளத்துக்கு ரூமே சுமார் 47 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 47 தடவ, அதிரும், அந்த அதிர்வு ரூம் நடுவுல காணாம போயிடும், சுவர் ஓரம் போனா கும்முன்னு ஏறிடும். அதனாலதான் கட்டில சுவரோட ஒட்டிப் போட்டு அதுல சாஞ்சு கேக்குறவங்க "பேஸ் சும்மா அள்ளுது"ன்னு சொல்வாங்க, சேர நடுவுல போட்டவங்க "பேஸே இல்ல"ன்னு சொல்வாங்க, ஸ்பீக்கர் ரெண்டு பேர்ட்டயும் ஒண்ணுதான். இன்னொரு தலைவலி, நம்ம ரூம்ல அகலமும் 10 அடி, சீலிங்கும் கிட்டத்தட்ட 10 அடி, ரெண்டும் அதே 57 ஹெர்ட்ஸ் பக்கம் சேர்ந்து அதிரும். மிருதங்கக் கச்சேரி ரெக்கார்டிங் ஒண்ணு போட்டா இது உடனே பிடிபடும், தொப்பில, அதாவது மிருதங்கத்தோட கனமான சத்தம் வர்ற இடது பக்கத்துல, விழுற ஒரு அடி மட்டும் மத்த அடியோட சேராம ஊதிப்போய் நிக்கும். அத பெரிய அளவுல அடக்குறது கஷ்டம், மூலைல இலவம்பஞ்சு மெத்தைய சுருட்டி நிக்க வச்சா கொஞ்சம் குறையும்.

உயரத்த நிறைய பேர் கண்டுக்கிறதே இல்ல. ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கர்ல கீச்சுன்னு மேல இருக்க சத்தத்த தர்ற சின்ன வட்டம், உங்க காது மட்டத்துக்கு வரணும். ஸ்டாண்டுக்கு கடைல கேக்குற விலைய பாத்துட்டு நான் 8 இன்ச் சாலிட் சிமெண்ட் ப்ளாக் மூணு மூணா அடுக்கி, மேல 1 இன்ச் கடப்பா கல் துண்டு போட்டேன், மொத்தம் 25 இன்ச். ஸ்பீக்கர் அடில இருந்து ட்வீட்டர் வரைக்கும் 11 இன்ச், என் மூங்கில் சேர்ல உக்காந்தா காது 36 இன்ச்ல வருது, அச்சா பொருந்திடுச்சு. கல்லுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல பழைய ரப்பர் செருப்ப வெட்டி நாலு மூலைக்கும் வச்சுட்டேன். பாக்க கட்டடம் கட்டுற இடம் மாதிரி இருக்குன்னு வீட்ல திட்டு விழுந்துச்சு, பழைய வேட்டிய சுத்தி விட்டதும் அடங்குச்சு. குழந்தைங்க ஓடுற வீடுன்னா மட்டும் இந்த அடுக்கு வேண்டாம், இரும்பு ஸ்டாண்டே அடிச்சுக்குங்க.

அடுத்து கண்ணாடி வேலை. நீங்க சேர்ல உக்காருங்க, வேற யாரையாவது ஒரு முகம் பாக்குற கண்ணாடிய பக்கச் சுவரோட ஒட்டி வச்சு மெதுவா நகர்த்தச் சொல்லுங்க. எந்த இடத்துல ட்வீட்டர் கண்ணாடில தெரியுதோ அங்க பட்டுதான் சத்தம் ரெண்டாவது தடவையா உங்க காதுக்கு வருது. அங்க பென்சில்ல குறி போட்டு 2 இன்ச் ராக் வூல (கல்ல உருக்கி பஞ்சு மாதிரி செஞ்சது, சத்தத்த உறிஞ்சும்) துணில சுத்தி, சுவர்ல இருந்து 2 இன்ச் இடைவெளி விட்டு மாட்டுங்க. ராக் வூல் கைல பட்டா அரிக்கும், கிளவுஸ் மாஸ்க் ரெண்டும் போட்டுக்குங்க. முட்டை அட்டை ஒட்டுறது சுத்த வேஸ்ட், அது ரொம்ப மேல இருக்க சத்தத்த மட்டும் கொஞ்சம் தொடும், அவ்ளோதான். தரைக்கு கனமான பவானி ஜமக்காளம் ரெண்டா மடிச்சு போடுங்க, கோரைப்பாய் ரொம்ப மெல்லிசு, பத்தாது. உங்க சேருக்குப் பின்னாடி சுவர்ல புத்தக அலமாரி இருந்தா இருக்கட்டும், ஏத்தி இறக்கி அடுக்குன புத்தகம் சத்தத்த நல்லாவே சிதறடிக்கும்.

வயருக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். பத்து அடி தூரத்துக்கு எலக்ட்ரிக்கல் கடைல கிடைக்குற 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரே போதும். சிவப்புக்கு சிவப்பு, கருப்புக்கு கருப்பு, அத மட்டும் ரெண்டு தடவ பாருங்க, ஒரு பக்கம் மாறிட்டா பேஸ் மெலிஞ்சுடும், குரல் நடுவுல நிக்காம ரூம் பூரா அலையும். வாட் விஷயத்துல டப்பா மேல பி.எம்.பி.ஓன்னு (விளம்பரத்துக்காக ஊதிப் போடுற உச்ச வாட்) ஆயிரக்கணக்குல போட்டிருந்தா அந்த நம்பர மறந்துடுங்க, ஆர்.எம்.எஸ் (விடாம தரக்கூடிய வாட்) எவ்ளோன்னு கேளுங்க. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு (1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல வர்ற சத்தத்தோட அளவு) இந்த ரூம்ல 30 வாட்டே தாராளம், வாட்ட இரட்டிப்பாக்குனாலும் 3 டெசிபல்தான் கூடும்.

சும்மா இருக்கும்போதே "ம்ம்ம்"னு சத்தம் வந்தா ஒவ்வொரு வயரா கழட்டிப் பாருங்க, முக்கால்வாசி நேரம் செட் டாப் பாக்ஸ்ல வர்ற கேபிள் டிவி வயர்தான் குற்றவாளி. எர்த் பின்ன உடைச்சா சத்தம் நிக்கும்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, ஷாக் அடிக்கும்.

எனக்கு ரெண்டு வாரம் தூக்கத்த கெடுத்தது வேற ஒரு சத்தம். மிருதங்கத்துல ஒரு குறிப்பிட்ட அடிக்கு மட்டும் வலது ஸ்பீக்கர்ல "ஸ்ர்ர்"னு வந்துச்சு, ஸ்பீக்கர் உள்ள அதிர்ற கோன் கிழிஞ்சு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன், லெஃப்ட் ரைட் வயர மாத்திப் போட்டாலும் அதே பக்கம்தான் வருது. கடைசில பாத்தா வலது பக்கம் இருந்த பீரோ, அது மேல அம்மா வச்ச எவர்சில்வர் தூக்கு, அதோட மூடிதான் ஆடிக்கிட்டு இருந்துருக்கு. அதனால ரூம்ல இருக்க பீரோ, ஜன்னல் கொக்கி, மாட்டுன போட்டோ எல்லாத்தையும் பாட்டு ஓடும்போது கைய வச்சு அமுக்கிப் பாருங்க, எத அமுக்குனா சத்தம் நிக்குதோ அதுக்கு அடில துணி சொருகுங்க.

ஃபேன் தலைக்கு மேல வேகமா ஓடுனா நீண்டு ஒலிக்கிற வயலின் கொஞ்சம் நடுங்குற மாதிரி கேக்கும், உன்னிப்பா கேக்குறப்ப ஒண்ணுல வைங்க, இல்ல ஏசிய போட்டு ரூம குளிர விட்டுட்டு ஃபேன நிறுத்துங்க.

எல்லாம் முடிச்சு இடம் சரியா அமைஞ்சதும் கல்லு நாலு மூலைக்கும், சேர் காலுக்கும் தரைல மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. கல்லு அசையாது, ஆனா ஸ்பீக்கரும் சேரும் காலைல பெருக்குறப்ப கண்டிப்பா நகரும், ஸ்பீக்கருக்கு கடப்பா கல் மேலயே பென்சில்ல ஒரு கோடு போட்டு வச்சா திருப்பி வைக்க ஒரு நிமிஷம் போதும்.