முதியோர் இல்லத்தில் மருந்துகளைச் சரிபார்ப்பது எப்படி?

முதியவரின் மருத்துவக் கோப்பைப் பிறகு திறக்கலாம். முதலில், மாத்திரை கொடுக்கும் நேரத்தில் செவிலியர் பக்கத்தில் போய் நில்லுங்கள். சீட்டில் இருப்பது ஒன்று, வாய்க்குள் போவது வேறொன்று. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பொடித்து ஒரே கரண்டியில் கொடுப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதில் மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை இருந்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். தைராய்டு குறைவுக்கான தைராக்சினும் கால்சியமும் சேர்ந்து போனால் தைராக்சின் உடலில் சரியாகச் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

அடுத்தது சிறுநீரகம். 84 வயது, 45 கிலோ எடையுள்ள பாட்டிக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவு) 1.0 என்று வந்தால் ஆய்வக அறிக்கை ‘இயல்பு’ என்றே சொல்லும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 30 மில்லிதான். சிறுநீரகம் வழியாக வெளியேறும் காபாபென்டின், டைகாக்சின் போன்ற மருந்துகளின் அளவுகளை உடனே பாருங்கள். எடை பழையதாக இருந்தால் மறுபடி நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம்தான் பட்டியல். ஒவ்வொரு மருந்தும் எப்போது, எதற்காகத் தொடங்கியது என்று தேதி வரிசையில் எழுதுங்கள். எனக்குப் பிடித்த வேலை இதுதான், துப்பறிவது மாதிரி. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் தொடங்குகிறார்கள், அதனால் கால் வீங்குகிறது. வீக்கத்துக்குச் சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு. அடிக்கடி சிறுநீர் போகிறது என்று ஆக்ஸிபுடினின். அதனால் வாய் வறண்டு, மலச்சிக்கல் வந்து, புத்தியும் தடுமாறுகிறது. மறதி நோய் என்று டோனெபெசில் சேர்கிறது. நினைவுக்கு உதவும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை டோனெபெசில் கூட்டுகிறது; அதன் வேலையையே ஆக்ஸிபுடினின் தடுக்கிறது! புதிதாக எந்தத் தொந்தரவு வந்தாலும், முதலில் மாத்திரைகளைச் சந்தேகப்படுங்கள். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் பீர்ஸ் பட்டியலைக் கடைசியில் ஒரு முறை ஒப்பிட்டால் போதும்.

மருத்துவருக்குப் பத்துப் பரிந்துரை அனுப்பாதீர்கள், படிக்க மாட்டார். முக்கியமான இரண்டு, காரணத்தோடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்; தினமும் சாப்பிட்டுவந்த தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல், வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ரத்த அழுத்த மருந்தை மாற்றினால், படுக்கையிலும் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் அழுத்தம் பார்த்துக் குறிக்கச் செவிலியரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும்.