பின்சக்கரம் மாற்றினேன், மோட்டார் விட்டுவிட்டு நின்றது

வளைவுகளில் வண்டி சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக, என் எடை குறைந்த மின்சார மலை சைக்கிளில் பின்பக்க 29 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 27.5 அங்குலம் போட்டேன். வண்டி நான் நினைத்தபடியே திரும்பியது. ஆனால் கல் நிறைந்த ஏற்றத்தில், இருக்கையிலிருந்து எழுந்து மிதிக்கும்போது மட்டும் மோட்டார் கைவிட்டது. இரண்டு விநாடி கழித்துத் தானாகவே வரும்.

முதலில் பேட்டரி முனைகளைத் துடைத்தேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். சக்கரச் சுற்றளவைத் திருத்தினேன். திரையில் வேகம் சரியாகக் காட்டியது, அவ்வளவுதான். ஸ்டாண்டில் வைத்துச் சுற்றினால் ஒரு குறையும் இல்லை. நான்கு நாள் இப்படியே போனது.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது: மோட்டார் நிற்பதற்குச் சற்று முன்பு திரையில் வேகம் பூஜ்யமாகிறது. சரி, வேகத்தை அளக்கும் சென்சார்தான்; அதன் சிக்னல் அறுந்தால் மோட்டாரும் நின்றுவிடும். ஆரக்கம்பியில் இருக்கும் காந்தம் சென்சாரைக் கடக்கும் இடத்தில் அளந்தேன், 17 மி.மீ. இடைவெளி. என் வண்டியின் கையேடு 15-க்குள் இருக்கச் சொல்கிறது. புதிய சக்கரத்தின் ஹப்பில் (நடுக்குடத்தில்) கம்பிகள் சற்று உள்ளடங்கி நிற்கின்றன. ஸ்டாண்டில் காந்தம் எப்படியோ எட்டிவிடுகிறது. உடல் எடை பக்கவாட்டில் விழுந்து சக்கரம் வளையும்போது எட்டவில்லை.

சென்சாருக்கு அடியில் வாஷர்கள் வைத்து, கொஞ்சம் நீளமான திருகால் முடுக்கினேன். இடைவெளி இப்போது 9 மி.மீ. அதே ஏற்றத்தை ஆறு முறை ஏறிவிட்டேன், மோட்டார் ஒருமுறைகூட நிற்கவில்லை. பெரிய நிம்மதி.