சிங்கப்பூர் வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பச்சைப்பயறு முளைகட்டுவது எப்படி?

லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைப் பக்கம் போனால் அரைக் கிலோ பச்சைப்பயறு வாங்கி வாருங்கள். இன்று இரவு ஊறவைத்தால் நாளை இரவுச் சாப்பாட்டுக்குச் சுண்டல் தயார்.

இரண்டு பேருக்கு 100 கிராம் போதும். கல், சொத்தைப் பயறு இருந்தால் பொறுக்கிவிட்டு, மூன்று முறை அலசி, நிறையத் தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறவையுங்கள்.

காலையில் தண்ணீரை ஒட்ட வடியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கவனம் வேண்டிய இடம் இதுதான். முதல் முறை நான் ஈரப் பயறை டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். மாலையில் திறந்தால் பிசுபிசுப்பு, புளித்த வாடை. அத்தனையும் குப்பைக்குப் போனது, மனசே கேட்கவில்லை. அதன்பிறகு மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, வடிதட்டில் வைத்து, காற்றோட்டமான நிழலில் விட்டுவிடுகிறேன். நடுவில் ஒரு முறை அலசி வடித்தால் நல்லது. பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் தோல் ஓரமாகக் கீறி, அரிசி முனை அளவுக்கு வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். மோந்து பாருங்கள், பச்சைப் புல் வாசனை வந்தால் சரி.

முளைகட்டினால் புரதம் பெருகும் என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை. 100 கிராம் காய்ந்த பயறில் சுமார் 24 கிராம் புரதமும் 16 கிராம் நார்ச்சத்தும் உண்டு. ஊறியதும் தண்ணீரால் எடைதான் ஏறுகிறது. நிஜமாகவே கூடுவது வைட்டமின் சி. இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. இந்த இரண்டுக்காகவே ஒரு நாள் காத்திருக்கலாம்.

முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். பயறு முளைக்கிற அதே ஈரத்திலும் சூட்டிலும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளும் பெருகும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது. ஏழெட்டு நிமிடம் ஆவியில் நன்றாக வேகவையுங்கள்.

அப்புறம் கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் தாளித்து, உப்புப் போட்டுப் பிரட்டுங்கள். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, வறுத்துப் பொடித்த எள் ஒரு தேக்கரண்டி சேருங்கள். பயறில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் எள்ளில் நிறைய உண்டு. தோலோடு கூடிய எள்ளில் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகே பிழியுங்கள், சூட்டில் வைட்டமின் சி வீணாகும்.

கை பழகியதும் கொண்டைக்கடலையை முயலலாம், கூடுதலாக ஒரு நாள் பிடிக்கும். ராஜ்மாவை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தியில் கொண்டுபோய் விடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு குழைய வேகவைக்க வேண்டும்.