சோலைக்காட்டை போட்டோ எடுக்கப் போறீங்களா? நான் பண்ண தப்பை நீங்களும் பண்ணாதீங்க

கொடைக்கானல்ல எடுத்த ஒரு படம் ரொம்ப நாளா எங்க வீட்டு ஹால்ல ஃப்ரேம் போட்டு தொங்குச்சு. நெட்டுக்குத்தா மரங்க, நடுவுல மூடுபனி, மேல இருந்து வெயில் கத்தை கத்தையா இறங்குது. அதுக்கு கீழ நான் எழுதுன கேப்ஷன் 'மனுஷன் கால் படாத காடு'. மறுவருஷம் போனப்ப ஒரு காட்டு வாட்சர் அண்ணன்கிட்ட போன்ல பெருமையா காட்டுனேன். பாத்துட்டு சிரிச்சாரு. "தம்பி, கால் படலையா? இது கையால நட்டதுப்பா. நல்லா பெருசாக்கிப் பாரு, வரிசையை எண்ணிறலாம்"னாரு. பெருசாக்கிப் பாத்தேன். நிஜமாவே வரிசை. பைன் மரம். கீழ ஒரு புல்லு கிடையாது, வெறும் ஊசி இலை மெத்தை.

அதனால என்னைக் கேட்டா முதல் தப்பு கேமராவுல இல்ல, எதை எடுக்குறோம்னே தெரியாம எடுக்குறோமே, அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையோட உச்சில நாம 'நேச்சர்'னு எடுத்துத் தள்ளுறதுல பாதி வெளியூர் சரக்கு. சீகை மரம் (சீயக்காய் இல்ல, வாட்டில்னு சொல்வாங்களே அது) ஆஸ்திரேலியா, தைல மரமும் ஆஸ்திரேலியா, நான் பிரிண்ட் போட்ட பைன் மெக்ஸிகோ பக்கத்து ஜாதின்னு சொன்னாங்க. தேயிலைத் தோட்டத்தை 'பச்சைப் போர்வை'ன்னு போடுறவங்களைப் பத்தி தனியா சொல்ல வேணாம். இந்த ஊரு சொந்தக் காடு எப்படி இருக்கும்னா, மலை மடிப்புக்குள்ள குட்டை குட்டையா, கோணல் மாணலா, உடம்பெல்லாம் பாசி புடிச்ச மரங்க. அதுதான் சோலை. மடிப்பைத் தாண்டி சரிவு பூரா புல்வெளி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துலயே இருக்கும், மரமே நடாட்டியும் அது அப்படித்தான், ஆயிரக்கணக்கான வருஷமா.

ஆனா புல்வெளியைப் பாத்தா நம்ம ஆளுங்களுக்கு 'அய்யோ மரத்தை வெட்டிட்டாங்க போல'ன்னுதான் தோணுது. வெள்ளைக்காரனுக்கும் அப்படித்தான் தோணுச்சு, தரிசுன்னு எழுதி வச்சு மரம் நட ஆரம்பிச்சான், சுதந்திரத்துக்கு அப்புறம் நாமளும் நட்டோம், நட்டதுல சீகை தானா பரவி ஓடிருச்சு. சேட்டிலைட் படங்களை வச்சுப் பாத்ததுல பழனி மலைல 1973-க்கும் 2014-க்கும் நடுவுல புல்வெளி மூணுல ரெண்டு பங்கு போயிருச்சு. மழைத் தண்ணியைப் புடிச்சு வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்கு விடுறது அந்தப் புல்லுதான். வரையாடு மேயுறதும் அங்கதான். நாம அதை ஃப்ரேம்ல இருந்து க்ராப் பண்ணிட்டு மரத்தை மட்டும் எடுக்குறோம். சோலையும் புல்லும் சேர்ந்து வர்ற மாதிரி கொஞ்சம் பின்னாடி போய் வைடா எடுங்க, அந்த எல்லைக்கோடுதான் இந்த இடத்தோட முகம்.

டெக்னிக்கல் தப்புகளை சீக்கிரமா சொல்லிடுறேன். மூடுபனிய ஆட்டோல எடுத்தா அழுக்குத் துணி மாதிரி வரும், ஏன்னா கேமரா எந்த வெளிச்சத்தையும் சாம்பலாக்கத்தான் பாக்கும், அதனால எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை, பிளஸ் 1 பக்கம் ஏத்திக்கோங்க. நனைஞ்ச இலை பளபளன்னு வெள்ளையடிச்சா போலரைசர்னு லென்ஸ் முன்னாடி மாட்டுற, பளபளப்பைக் குறைக்கிற ஃபில்டரைப் போட்டுத் திருப்புங்க. சோலைக்குள்ள பகல்லயே இருட்டு, ட்ரைபாட் இல்லாம போகாதீங்க (அட்டை கடிக்கும்போது ஆடாம நிக்கிறதுக்கு ட்ரைபாடும் உதவாது, அது வேற). குளிருல இருந்து ரூமுக்குள்ள வந்த உடனே பையைத் திறக்காதீங்க, லென்ஸ் வேர்த்துரும். அப்புறம் அந்த சாச்சுரேஷன் ஸ்லைடரை விடுங்க சாமி. சோலை மரத்துல புதுத் தளிர் வரும்போது செம்பு நிறம், ரோஸ், பழுப்புன்னு தானாவே கலர் கலரா இருக்கும், நீங்க பச்சையை ஏத்துனா அது அத்தனையும் செத்துரும்.

இனிமே சொல்றதுதான் வயித்தெரிச்சல். இருவாச்சிப் பறவை மரப்பொந்துல முட்டை வைக்கும், பெட்டை உள்ள உக்காந்துகிட்டு வாசலை அடைச்சுக்கும், அலகு போற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். மாசக்கணக்குல ஆண் பறவை கொண்டாந்து ஊட்டுற அத்திப்பழத்துலதான் அதுவும் குஞ்சும் உயிர் வாழணும். அந்த மரத்துக்குக் கீழ பத்து பேர் லென்ஸை நீட்டிக்கிட்டு நின்னா ஆண் பறவை கிட்டயே வராது, பழத்தோட தூரத்துல ஒரு கிளைல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். நமக்கு ஷாட் கிடைக்கலன்னு கடுப்பு, உள்ள ஒரு குடும்பத்துக்கு சோறு போகல.

தவளை எடுக்குறவங்க இன்னும் மோசம். கேலக்ஸி தவளைன்னு ஒண்ணு, கறுப்பு உடம்புல நட்சத்திரம் தூவுன மாதிரி, விரல் நுனி சைஸ்தான் இருக்கும், மக்கிப்போன கட்டைக்கு அடியில ஈரத்துல வாழுது. அதுக்காக கட்டை கட்டையா புரட்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போனா அதோட வீட்டுக் கூரையைப் பிச்ச மாதிரி. தூக்கி பாசி மேல வச்சு போஸ் கொடுக்க வைக்கிறாங்க வேற, தவளை தோல் வழியாவும்தான் மூச்சு விடுது, உங்க கைல இருக்குற சன்ஸ்க்ரீன், கொசு மருந்து எல்லாம் அதுக்குள்ள போகும்.

வால்பாறைல சோலைமந்திக்கு (சிங்கவால் குரங்கு) பிஸ்கட் காட்டி ரோட்டுக்கு இறக்குறதும் இதே கதைதான், மரத்து மேலயே வாழ வேண்டிய ஜீவன் ரோட்டைப் பழகிட்டா டயருக்குத்தான் போகும். மூணாறு பக்கத்துல இரவிகுளம் தேசியப் பூங்காவுல வரையாடு குட்டி போடுற சீசன்ல, பிப்ரவரி மார்ச் வாக்குல, பார்க்கையே மூடிடுவாங்க. அந்த நேரத்துல பக்கத்து மலைல இருந்து ட்ரோன் விடலாமான்னு ஒருத்தர் என்கிட்டயே கேட்டாரு. காட்டுக்குள்ள அனுமதி இல்லாம ட்ரோன் விட்டா கேஸு. கேஸை விடுங்க, பாறை விளிம்புல நிக்கிற குட்டி மிரண்டா எங்க போகும்?

லொகேஷன் போடுற பழக்கத்தையும் நிறுத்துங்க. 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்குற குறிஞ்சி 2018-ல பூத்தப்ப கூட்டம் எப்படி இருந்துச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும், அடுத்தது 2030. ஆர்க்கிட் பூவோட படத்துல ஜிபிஎஸ் ஒட்டியிருந்தா அடுத்த வாரம் அந்தக் கிளை காலியா இருக்கலாம். ஊர் பேரு, மலைத்தொடர் பேரு போதும். ஆராய்ச்சிக்கு உதவணும்னா ஐநேச்சுரலிஸ்ட்ல (பாத்த செடி, உயிரினங்களைப் பதிவு பண்ற வெப்சைட்) ஏத்துங்க, அழியப்போற இனம்னா சரியான இடத்தை அதுவே மறைச்சுக் காட்டும்.

கடைசியா ஒண்ணு. அழகை மட்டுமே எடுத்துட்டு வர்றோம். புல்வெளிக்குள்ள சீகை நுழையுற ஓரம், உன்னிச்செடி அடைச்ச பாதை, ரோட்டோர பிளாஸ்டிக், இதெல்லாம் லைக் வாங்காது, ஆனா இருபது வருஷம் கழிச்சு இதுதான் சாட்சி. ஒரே இடத்துல, ஒரே லென்ஸ்ல, ஒரே மாசத்துல திரும்பத் திரும்ப எடுங்க. நான் இப்ப ஒரு பாறையைப் புடிச்சு வச்சிருக்கேன், எந்த மலைன்னு சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் ஜனவரில போய் அதே வெடிப்புல ட்ரைபாட் காலை வச்சு எதிர்ச்சரிவை எடுக்குறேன். மொத வருஷப் படத்துல புல்லுக்கு நடுவுல சீகைக் கன்னு ஏழு இருந்துச்சு. இந்த வருஷம் எண்ண ஆரம்பிச்சு நாப்பதுல விட்டுட்டேன். பைன் படத்தைக் கழட்டிட்டு ஹால்ல இந்த ரெண்டையும்தான் பக்கத்துல பக்கத்துல மாட்டியிருக்கேன், வர்றவங்க எல்லாம் 'ஏன் ஒரே போட்டோவை ரெண்டு தடவ மாட்டியிருக்க'ன்னு கேக்குறாங்க.